செலவைச் சுருக்கி அழகாகக் கல்யாணம் நடத்துவது எப்படி: மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கல்யாணச் செலவைக் குறைப்பது என்று பேச்செடுத்த உடனே நம் வீடுகளில் ஒரு சங்கடம் தலைகாட்டுகிறது. பெண்ணைப் பெற்றவருக்குக் கை சுருங்கிவிட்டது என்று யாரும் நினைத்துவிடுவார்களோ, சம்பந்தி வீட்டார் மனம் கோணுவார்களோ என்ற கவலையில், கணக்கே போடாமல் கடனை வாங்கிவிடுகிறோம். என் இரண்டு மகள்களின் திருமணத்தையும் ரோஸ் ஹில்லில் நானே முன்னின்று நடத்தினேன். மூத்தவளுக்குச் செலவழித்ததில் பாதிக்குச் சற்று மேலேதான் இளையவளுக்கு ஆயிற்று. ஆனால் உறவினர்கள் இன்றும் நினைவுகூர்ந்து பேசுவது இளையவளின் கல்யாணத்தைத்தான். மூத்தவளின் திருமணத்தில் பணத்தைப் பத்து இடங்களில் இறைத்திருந்தோம். இளையவளுக்கு வாசல், மணவறை, இலை என்ற மூன்று இடங்களில் மட்டும் மனதாரச் செலவிட்டு, மற்றவற்றை எளிமையாக விட்டுவிட்டோம். வருகிறவரின் கண்ணும் நாவும் தங்குகிற இடங்கள் அவை மூன்றே. கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

முதல் படி: பெயர்ப் பட்டியல்

மண்டபம் பார்ப்பதற்கும் புடவை பார்ப்பதற்கும் முன்னால், இரு வீட்டாரும் உட்கார்ந்து எத்தனை பேரை அழைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு விருந்தாளி என்றால் ஓர் இலைச் சாப்பாடு மட்டுமல்லாமல் ஒரு நாற்காலி, ஓர் அழைப்பிதழ், ஒரு தாம்பூலப் பை, பந்தலில் கொஞ்சம் கூடுதல் இடம் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. பட்டியல் ஒரு எல்லையைத் தாண்டினால் செலவு படிப்படியாக ஏறாமல் ஒரே தாவாகத் தாவிவிடும். 200 பேர் கொள்ளும் கூடத்துக்கு 230 பேரை அழைத்தால், அந்த முப்பது பேருக்காகப் பெரிய மண்டபம், பெரிய ஒலிபெருக்கி, கூடுதல் பந்தி என்று எல்லாமே மாறிப்போகும்.

நான் கையாண்ட முறை இது. ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில், இவர்கள் இல்லாமல் தாலி கட்டக் கூடாது என்று நீங்கள் நினைக்கிறவர்கள். இரண்டாவதில், கடந்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நீங்கள் போயிருப்பவர்கள், அல்லது உங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்திருப்பவர்கள். மற்ற எல்லோரும் மூன்றாவதில். முதல் இரண்டு பத்திகளோடு முகூர்த்தத்துக்கான பட்டியல் முடிந்துவிட வேண்டும். மூன்றாம் பத்தியில் இருப்பவர்களை, திருமணம் முடிந்த இரண்டொரு வாரத்தில் ஒரு மாலை வேளையில் வீட்டுக்கு அழைத்து, வனிலாத் தேநீரும் கத்தோ பிமான் என்னும் மிளகாய் வடையும் கொடுத்து மணமக்களை ஆசீர்வதிக்கச் சொல்லலாம். எங்கள் தெருவில் அப்படிச் செய்தபோது ஒருவரும் வருத்தப்படவில்லை, நிதானமாகப் பேச முடிந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள்.

அழைப்பிதழின் மேல் 'குடும்பத்துடன்' என்று மட்டும் எழுதுவது நம் வழக்கம். கூட்டுக் குடும்பமாக இருக்கும் வீட்டில் அந்த ஒரு சொல் நான்கு பேரையும் குறிக்கலாம், பதினான்கு பேரையும் குறிக்கலாம். நேரில் போய் அழைக்கும்போதே, "அண்ணி, நீங்களும் அண்ணனும் பிள்ளைகள் இரண்டு பேரும் அவசியம் வந்துவிட வேண்டும்" என்று பெயர் சொல்லி அழைத்தால் மரியாதையும் குறையாது, எண்ணிக்கையும் தெளிவாகிவிடும்.

இரண்டாம் படி: நாள் குறிப்பது

நம் நாட்டில் நாள் பார்ப்பதற்குப் பஞ்சாங்கம் ஒன்று போதாது. வானிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மூன்று மாதங்களைப் பெரும்பாலான குடும்பங்கள் தவிர்த்துவிடுகின்றன. புரட்டாசியில் கோவிந்தன் விரதம் இருக்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். தை மாதம் சுபமானதுதான் என்றாலும், தைப்பூசக் காவடிக்கு விரதமிருக்கும் நாட்களில் உறவினர்களில் பாதிப்பேர் கோயிலிலேயே இருப்பார்கள். மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டி கிராண்ட் பாசேன் புனித ஏரிக்குப் போகும் கூட்டத்தால் சாலைகள் அடைபட்டுக் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நவம்பர் 1 முதல் மே 15 வரை புயல் காலம். என் மூத்த மகளின் திருமணத்தை ஜனவரியில் வைத்தோம். வெள்ளிக்கிழமை இரண்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றினார்கள். மூன்றாம் எண் எச்சரிக்கை வந்துவிட்டால் பேருந்து ஓடாது, கடைகள் திறக்காது, வெளியே நடமாட முடியாது. திருமணத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், ஏனென்றால் ரசீதில் புயலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நறுக்கி வைத்திருந்த காய்கறி முழுவதையும் அக்கம்பக்கத்தில் பகிர்ந்து கொடுத்தோம். அந்த நட்டம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே என்னுடைய அழுத்தமான பரிந்துரை வைகாசியும் ஆனியும்தான். மே மாத நடுவில் புயல் காலம் முடிகிறது, அதே நாட்களில் வைகாசி பிறக்கிறது. மழை குறைந்து, வெயிலும் தணிந்து, பந்தலுக்குள் உட்கார இதமாக இருக்கும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கும் வரை உங்களுக்கு இரண்டு மாதங்கள் கிடைக்கின்றன. அதைத் தவறவிட்டால் ஆவணி, அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஆனால் அப்போது தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் என்பதால் பந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும். கியூர்பிப், வக்வா போன்ற மேட்டுப் பகுதிகளில் இருப்பவர்கள் குளிர்காலத் தூறலை மறந்துவிடக் கூடாது. அங்கே பந்தலின் பக்கச் சுவர்களையும் மூடித்தான் ஆக வேண்டும்.

எந்த மாதமாக இருந்தாலும், மண்டபம், சமையல், பந்தல், புகைப்படம் என்று முன்பணம் கொடுக்கும் ஒவ்வொரு இடத்திலும், மூன்றாம் எண் புயல் எச்சரிக்கையோ கனமழை எச்சரிக்கையோ வந்தால் கட்டணமின்றி வேறு நாளுக்கு மாற்றித் தரப்படும் என்ற வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: பணத்தைப் பங்கிடுவது

ஆண்டு முடிவில் கிடைக்கும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் பல வீடுகளில் டிசம்பரிலேயே கரைந்துவிடுகிறது. சட்டப்படி அதில் 75 விழுக்காடு கிறிஸ்துமஸுக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே கைக்கு வந்துவிடும். மணமக்கள் இருவரும் வேலையில் இருந்தால் அந்த ஆண்டின் போனஸைத் தொடாமல் வங்கியில் தனிக் கணக்கில் போட்டுவிடட்டும். வைகாசியில் திருமணம் என்றால் பந்தலுக்கும் சமையலுக்கும் அதுவே பெரும்பாலும் போதுமானதாகிவிடும். மொய்யாக வரும் உறையை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வரவுக் கணக்கில் எழுதாதீர்கள். அது மணமக்களின் குடித்தனத்துக்கு உரியது, எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாதது.

கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டுவதற்காக, 200 பேருக்கு மொத்தம் 4,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உணவுக்கு 1,10,000, மண்டபம், பந்தல், நாற்காலி, விளக்கு எல்லாவற்றுக்கும் 70,000, தாலியும் உடைகளும் 80,000, பூவுக்கும் அலங்காரத்துக்கும் 30,000, குருக்கள், மேளம், சடங்குப் பொருள்கள் 30,000, புகைப்படம் 25,000, அழைப்பிதழும் தாம்பூலமும் 15,000, மீதி 40,000 எதிர்பாராத செலவுக்கு. உங்கள் ஊரின் விலைகள் வேறாக இருக்கலாம். பங்கீட்டின் வடிவம்தான் முக்கியம். கடைசித் தொகையான பத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் கடைசி வாரத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் வரும்.

விலை கேட்கும்போது, சொல்லும் தொகையில் 15 விழுக்காடு வாட் வரி அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தலைக்கு இவ்வளவு என்று ஓட்டல்காரர் சொல்வது வரிக்கு முந்திய விலையாக இருந்தால், 200 பேருக்கு வரும்போது முப்பது பேரின் சாப்பாட்டுச் செலவு கூடுதலாக உங்கள் தலையில் விழும்.

நான்காம் படி: இடம்

கிராண்ட் பேயிலோ ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கிலோ கடற்கரை ஓட்டலில் திருமணம் வைத்தால்தான் படம் அழகாக வரும் என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஹோமப் புகையும் மேளமும் ஈரத் தரையில் கோலமும் உள்ள ஒரு முழுத் தமிழ்ச் சடங்கை ஓட்டல் கூடத்தில் நடத்துவது சிரமம். தீ மூட்டவும் வெளிச் சமையல் கொண்டுவரவும் பல ஓட்டல்களில் தடை உண்டு. முகூர்த்தத்தை வேறிடத்தில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் மணமக்கள் மட்டும் கடற்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் படம் எடுத்துக்கொண்டால் ஆசையும் தீரும், பணமும் மிஞ்சும்.

எனக்குத் தெரிந்த நல்ல இடங்கள் மூன்று வகை. முதலாவது, கோயில் மண்டபம். நம் கோயில்களை நடத்தும் சங்கங்களில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு வாடகை பெரும்பாலும் குறைவு. பாத்திரம், குத்துவிளக்கு, நீளப் பலகைகள் எல்லாம் அங்கேயே இருக்கும். குருக்களும் மேளக்காரரும் பழகிய இடம். இரண்டாவது, கிராமக் கவுன்சிலின் வில்லேஜ் ஹால், நகராட்சிக் கூடம், சமூக நிலையம் போன்ற பொதுக் கூடங்கள். வாடகை மிதமானது, ஆனால் சுவர் வெறுமையாக இருக்கும். பண்டிகை மாதங்களில் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள் என்பதால் ஆறு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் என் மனதுக்கு நெருக்கமானது: வீட்டு முற்றத்தில் போடும் சால்-வெர்த். நம் தாத்தா காலத்தில் மூங்கிலை நட்டு, மேலே தகரம் போட்டு, பக்கங்களில் தென்னங்கீற்றைப் பின்னி மறைத்துக் கட்டிய பந்தலுக்குத்தான் பச்சைக் கூடம் என்ற பொருளில் இந்தப் பெயர் வந்தது. இப்போது இரும்புக் குழாயும் தார்ப்பாயும் வந்துவிட்டன. வாடகைப் பந்தல்காரரிடம் சட்டத்தையும் கூரையையும் மட்டும் எடுங்கள். அவர் காட்டும் பளபளப்புத் துணி, பிளாஸ்டிக் பூ, வண்ண விளக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூரையின் உட்புறத்தை மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி, நான்கு பக்கமும் பச்சைக் கீற்றைப் பின்னிக் கட்டினால், எந்த ஓட்டலிலும் கிடைக்காத ஒரு குளிர்ச்சி கண்ணுக்குக் கிடைக்கும். கீற்று பின்னத் தெரிந்த பெரியவர் ஒருவராவது உங்கள் தெருவில் இன்னும் இருப்பார்; கல்யாண வாரத்து வியாழக்கிழமை மாலையில் அவரை உட்காரவைத்து இளைஞர்கள் கற்றுக்கொள்ளட்டும். சாலையோரத்தையும் சேர்த்துப் பந்தல் போடுவதாக இருந்தால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்பே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எத்தா சிவில் (அரசுத் திருமணப் பதிவு)

இது சிறிய வேலை, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. திருமண அறிவிப்பு சிவில் ஸ்டேட்டஸ் அலுவலகத்தில் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும் என்பதால், இரண்டு மாதங்களுக்கு முன்பே பிறப்புச் சான்றுகளோடு நேரில் போய் விவரம் கேளுங்கள். சொத்து விஷயத்தில் கூட்டுச் சொத்து முறையா, தனிச் சொத்து முறையா என்று மணமக்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடும் மேசையின் முன்னால் நின்றுகொண்டு யோசிக்க வேண்டிய விஷயமல்ல அது. சிவில் பதிவை முகூர்த்தத்துக்கு முந்திய வாரத்தில் ஒரு வேலை நாளில், பத்துப் பேர் மட்டும் கூடி முடித்துவிட்டால், அதற்கென்று தனி விருந்து, தனி உடை என்ற செலவுகள் எழாது.

ஆறாம் படி: இலை

நம்மிடம் ஏழு கறி இருக்கும்போது வேறு விருந்தைத் தேடிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. செத் காரி என்று கிரியோலில் சொல்லும் அந்த ஏழு கறி விருந்து என்றால் இந்தத் தீவில் எந்த இனத்தவரும் முகம் மலர்ந்து வந்து உட்காருவார்கள். அது முழுக்க மரக்கறி என்பதால் செலவு மிதமாகிறது. வாழையிலை தட்டுக்கு வேலையில்லாமல் செய்கிறது. பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி போன்றவற்றுக்கு 2021 ஜனவரி 15 முதல் நம் நாட்டில் தடை இருக்கிறது. மாற்றாகக் கிடைக்கும் காகிதத் தட்டுகளுக்குப் பணம் கொடுப்பதைவிட வாழையிலை வாங்குவது எவ்வளவோ மேல்.

வாழைக்காய்க் கறி, பலாக்காய்க் கறி, பூசணி, அவரை, பருப்பு, கீரை, ரூகாய் என்னும் தக்காளித் தொக்கு என்பது ஒரு நல்ல அமைப்பு. அதோடு ரசம், தேங்காய்ச் சட்னி, ஊறுகாய், அப்பளம், பாயசம். சுஷு என்னும் சௌசௌவோ கத்தரிக்காயோ மலிவாக இருக்கும் வாரம் என்றால் அவரைக்குப் பதிலாக அவற்றில் ஒன்றைச் சேர்க்கலாம். எட்டாவது, ஒன்பதாவது கறி வேண்டாம். இலையில் இடமும் இல்லை, வயிற்றிலும் இல்லை. பால்கட்டிக் குழம்பு, நூடுல்ஸ் என்று சிலர் இப்போது நடுவில் புகுத்துகிறார்கள். அவை தட்டில் சாப்பிட வேண்டியவை, இலைக்குப் பொருந்தவில்லை.

200 பேருக்கான அளவை எழுதித் தருகிறேன். அரிசி ஒருவருக்கு 110 கிராம் வீதம் 22 கிலோ. பருப்பு ஒருவருக்கு 30 கிராம் வீதம் 6 கிலோ. ஒவ்வொரு காயும் தோல் நீக்கி நறுக்கிய பின் ஒருவருக்கு 60 முதல் 70 கிராம், அதாவது ஏறத்தாழ 13 கிலோ; பலாக்காய்க்கும் பூசணிக்கும் தோலும் நடுவும் போய்விடும் என்பதால் அதைவிட அதிகமாக வாங்க வேண்டும். பாயசம் 20 லிட்டர். இலை 220, ஏனென்றால் கிழிந்தவை கொஞ்சம் கழியும். இந்த அளவைச் சமையல்காரரிடம் கொடுத்து, அவர் சொல்லும் அளவு இதைவிட மிகவும் கூடுதலாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சமையல்காரரைக் கூலிக்கு அமர்த்தி, பொருள்களை நீங்களே வாங்கினால் மீதி கணிசமாக இருக்கும். பெரிய சந்தைக்கு விடியற்காலையில் போய் மொத்தமாக வாங்குங்கள்; அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையை ஒரு மாதம் முன்பே வாங்கி வைத்துவிடலாம். காய் நறுக்குவதற்கு ஆள் பிடிக்கத் தேவையில்லை. முந்தின நாள் மாலை தெருப் பெண்கள் எல்லோரும் கத்தியோடு வந்து உட்காருவது நம் வழக்கம், அந்த வழக்கத்தைக் காப்பாற்றுங்கள். வாழைக்காயின் கறை கையை விட்டுப் போகாது என்பதால் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, நறுக்கிய துண்டுகளை மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் அப்போதைக்கப்போது போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அரை மணி நேரத்தில் கறுத்துவிடும். பலாக்காய்க்கும் இதே முறைதான், ஆனால் அதன் பால் இன்னும் பிசுபிசுப்பு. பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்துவிட்டு வெட்டுங்கள். கீரையை மட்டும் அன்று காலையில்தான் ஆய வேண்டும்.

பரிமாறுவதில்தான் விருந்தின் அழகு முழுவதும் வெளிப்படுகிறது, அதற்குக் காசும் செலவாவதில்லை. 70 பேர் வீதம் மூன்று பந்தி என்றால், ஒரு பந்திக்கு நாற்பது நிமிடம் வைத்து இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். உறவுப் பிள்ளைகளில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நிறத்தில் வேட்டியோ பாவாடையோ உடுத்தச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் என்று முந்தின நாளே பிரித்துக் கொடுங்கள். இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதையும், உப்பும் ஊறுகாயும் எங்கே, சோறு எங்கே என்பதையும் ஒருமுறை வெற்று இலையை வைத்துக் காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ரசக் கரண்டியோடு ஒவ்வொருவரிடமும் குனிந்து, "தாத்தா, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டே போனதை, வந்திருந்த முதியவர் ஒருவர் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் படி: பூவும் வாசலும்

இறக்குமதி ரோஜாவையும் ஆர்க்கிட்டையும் விட்டுவிடுங்கள். ஆந்த்ரேயா என்று நாம் சொல்லும் அந்தூரியம் இந்த மண்ணிலேயே விளைகிறது. காம்பை நறுக்கித் தண்ணீரில் வைத்தால் இரண்டு வாரம்கூடப் பொலிவு குறையாமல் நிற்கும். ஆகவே பூக்காரரிடம் அலங்காரக் கூலி கொடுக்காமல், பண்ணையிலிருந்து நேராகக் கல்யாண வாரத்துப் புதன்கிழமையே வாங்கி, நிதானமாக நீங்களே அடுக்கலாம். குளிர்ப்பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது, குளிரில் அது கருகிவிடும்; நிழலான அறையில் வாளித் தண்ணீரில் நிற்கவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை காம்பின் அடியைச் சாய்வாக வெட்டிவிட்டால் போதும். மணவறைக்கு எங்களுக்கு எண்பது காம்புகள் போதுமானதாக இருந்தன. சிவப்பு அல்லது வெள்ளை, ஏதாவது ஒரே நிறத்தில் வாங்குங்கள்; ஐந்து நிறங்களைக் கலந்தால் கண் எதிலும் நிற்காது.

மல்லிகை இதற்கு நேர்மாறானது. முந்தின நாள் மாலை மொட்டாகப் பறித்து, இரவே தொடுத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தால்தான் முகூர்த்த வேளையில் விரியும். அது கொஞ்சமாகத்தான் கிடைக்கும், அதனால் மணப்பெண்ணின் தலைக்கும் மாலைகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு, மாவிலைத் தோரணம், குருத்தோலை. வைகாசி, ஆனியில் திருமணம் வைப்பவர்களுக்கு இன்னொரு கொடுப்பினை உண்டு: அப்போதுதான் கரும்பு பூக்கும். வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்த அந்தக் கரும்புப் பூவை, தோட்டக்காரரிடம் கேட்டு முப்பது நாற்பது தண்டு வெட்டி வந்து, வாழையின் பின்னால் உயரமாகக் கட்டிப் பாருங்கள். முழுதும் விரிந்த பூ உதிரும் என்பதால் பாதி விரிந்ததையே வெட்ட வேண்டும். நம் முன்னோர் இந்தத் தீவில் வியர்வை சிந்தியது அந்தக் கரும்புக்காகத்தான் என்பதை எண்ணும்போது, பேத்தியின் கல்யாண வாசலில் அது நிற்பதை எனக்கு வெறும் அலங்காரமாக நினைக்கத் தோன்றவில்லை.

குத்துவிளக்குகளை உறவினர் வீடுகளிலிருந்து இரவல் வாங்கி, புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, பந்தலின் நடுவழியில் இருபுறமும் வையுங்கள். மின்விளக்கு மஞ்சள் கலந்த வெண்மையில் ஒரே வகையாக இருக்கட்டும். மினுக்கும் விளக்கு வேண்டாம்.

எட்டாம் படி: உடையும் நகையும்

புடவை வாங்குவதற்கென்று சென்னைக்கு விமானம் ஏறுவது, மூன்று பேருக்கு மேல் போனால் கட்டுப்படியாகாது. வேறு காரணத்துக்காகப் போகும் உறவினர் யாரேனும் இருந்தால் அவரிடம் முகூர்த்தப் புடவை ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். மற்றவற்றைக் கத்ர் போர்ன் சந்தையிலும் போர்ட் லூயி கடைகளிலும் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். நலங்குக்கு அம்மாவின் கல்யாணப் புடவையை எடுத்து, ஓரத்தைச் சரிசெய்து, புதிய ரவிக்கை மட்டும் தைத்து உடுத்துவதைவிட நேர்த்தியான ஒன்றை நான் பார்த்ததில்லை. நாற்பது ஆண்டுப் பழைய பட்டில் மடிப்பு ஓடிய இடம் பலவீனமாக இருக்கும். உடுத்துவதற்கு ஒரு வாரம் முன்பே பிரித்துக் காற்றாட வைத்துவிட்டு, இழை விட்டிருந்தால் உட்புறம் மெல்லிய துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.

தாலியில் குறை வைக்காதீர்கள். அதற்குரிய பொன்னை நம்பிக்கையான கடையில் வாங்கி, காரட்டும் எடையும் செய்கூலியும் தனித்தனியாக எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மற்ற நகைகள் பாட்டியுடையதாகவோ, முலாம் பூசிய கோயில் நகையாகவோ இருந்தால் யாருக்கும் குறைவில்லை.

ஒன்பதாம் படி: அழைப்பிதழ், மேளம், படம்

அட்டை அழைப்பிதழை வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அச்சிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் நண்பர்களுக்கும் அதே வடிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். தமிழ் தெரியாத அச்சகத்தில் எழுத்துரு மாறி, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்திய பின், எழுத்துகளைப் படமாக மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ரோமன் எழுத்துக் கூட்டலில் மூட்டுசாமியாகப் படிந்துவிட்ட பெயரை, அழைப்பிதழிலாவது முத்துசாமி என்று எழுதுங்கள். தேதியைத் தமிழ் எண்களிலும் போடலாம். நம் ரூபாய் நோட்டுகளில் இருக்கும் எண்கள்தான் அவை.

நாகஸ்வரமும் தவிலும் முகூர்த்த நேரத்துக்கு நேரில் இருக்கட்டும், மாலையில் பதிவுசெய்த இசை போதும். படக்காரரை முழு இரண்டு நாளைக்கு அமர்த்தாமல், காலைச் சடங்கிலிருந்து முதல் பந்தி வரை மட்டும் அமர்த்துங்கள். ஜூன் மாதத்தில் மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், வெளியில் எடுக்க வேண்டிய படங்களை நான்கு மணிக்குத் தொடங்கிவிட வேண்டும்.

தாம்பூலப் பையில் யாரும் பயன்படுத்தாத பொம்மையோ கண்ணாடிச் சாமானோ வைக்க வேண்டாம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய், கூடவே ஒரு சிறிய பொட்டலம் உள்ளூர் வனிலாத் தேயிலை. அதைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தால் பையும் வீட்டில் உழைக்கும்.

பத்தாம் படி: கடைசி வாரம்

திங்கட்கிழமையே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நேரத்தை உறுதி செய்யுங்கள். பணம் கொடுக்கும் பொறுப்பை, மணமக்களின் பெற்றோர் அல்லாத ஒருவரிடம், பெரும்பாலும் தாய்மாமனிடம், ஒப்படையுங்கள். கொடுக்க வேண்டிய மீதித் தொகைகளைப் பெயர் எழுதிய உறைகளில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டால், அன்று யாரும் உங்களைத் தேடி மணவறைக்கு வர மாட்டார்கள். சமையல்காரருக்கான உறையை மூன்றாம் பந்தி எழுந்த பிறகும், பந்தல்காரருக்கானதை அவர் பந்தலைப் பிரித்த பிறகும் கொடுக்கச் சொல்லுங்கள். இரவல் வாங்கிய விளக்குகளுக்கும் பாத்திரங்களுக்கும் அடியில் வீட்டுப் பெயரை எழுதி ஒட்டி, யாருடையது எத்தனை என்று நோட்டில் குறித்து வையுங்கள். மறுநாள் காலை அவற்றைத் துலக்கித் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்புங்கள். அதற்காகவே இரண்டு லிட்டர் கூடுதலாகக் காய்ச்சச் சொல்லியிருக்க வேண்டும்.